அம்மாவோடு ஹோட்டன் சமவெளியில் ஒரு சுற்று

போன மாசியில் அம்மாவை, இலங்கை மலையகத்தில் நுவரெலியாப் பக்கம் இருக்கும் ஹோட்டன் சமவெளிக்குக் கூட்டிப் போனேன். அவருக்கு வயது 63. முப்பது வருஷம் தேயிலைக் கொழுந்து எடுத்த கால். "ஒன்பது கிலோமீட்டர் இருக்கும்மா, நடந்துருவியா?" என்று கேட்டேன். "கூடை இல்லாமத்தானே புள்ள?" என்றார்.

கூடை இல்லாமல்தான். ஃபார் இன் என்ற கட்டடத்தில் தொடங்கி சின்ன உலக முடிவு, பெரிய உலக முடிவு என்ற இரண்டு மலை விளிம்புகள், பேக்கர் நீர்வீழ்ச்சி என்று சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் பாதை இது. ஆற அமர நடந்தால் மூன்று, நான்கு மணி நேரம். 2,100 மீட்டர் உயரம் என்பதால் தொடக்கத்தில் கொஞ்சம் மூச்சு வாங்கும். கீழ்நாட்டுக்காரர்களுக்குத்தான் அது, நம் மலையகத்து ஆட்களுக்கு ஒன்றும் செய்யாது.

நேரம்தான் முக்கியம். ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் பனிமூட்டம் ஏறிவிடும். அப்புறம் உலக முடிவில் நின்றால் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்த மாதிரி இருக்குமே தவிர வேறொன்றும் தெரியாது. நுவரெலியாவிலிருந்து ஏறக்குறைய 32 கிலோமீட்டர், அம்பேவல, பட்டிப்பொல வழி. விடியற்காலை நாலரைக்கே வேனில் ஏறிவிடுங்கள். தை முதல் பங்குனி வரை மழை குறைவு. ஆனால் தை, மாசியில் விடிகாலைக் குளிர் எலும்பைப் பிடிக்கும், சில நாள் புல்லில் உறைபனி கூட விழும். கம்பளித் தொப்பியை மறக்க வேண்டாம்.

சாப்பாட்டைப் பொலித்தீனில் கட்டாதீர்கள். நுழையும் இடத்தில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பிஸ்கட் உறை, தண்ணீர்ப் போத்தலில் ஒட்டிய லேபிள் எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். என் பிஸ்கட் முழுவதும் காகிதப் பைக்கு மாறித் தூளாகிப்போனது. அம்மாவின் ரொட்டியும் கட்டச்சம்பலும் வாழை இலையில் இருந்ததால் அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. புல்வெளியில் மேயும் மரை என்ற பெரிய மான்கள் பொலித்தீனையும் சேர்த்து விழுங்கிவிடும், அதற்குத்தான் இந்தக் கெடுபிடி. அவை பக்கத்தில் வந்தாலும் தீனி கொடுக்காதீர்கள்.

முதலில் உலக முடிவுப் பக்கமே திரும்புங்கள். அருவி எங்கும் போகாது, வெளிச்சம் போய்விடும். பாதை களிமண்ணும் உருளைக் கல்லும் வேருமாக இருக்கும். நான் புது வெள்ளைச் சப்பாத்து போட்டுக்கொண்டு போய் இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்தேன். அம்மா மருமகனின் பழைய பாடசாலைச் சப்பாத்தில் வந்தார், ஒரு தடவை கூடச் சறுக்கவில்லை. "காலைப் பக்கவாட்டா வை, முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக்க, அவசரப்படாத" என்றார். மலையில் இறங்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

பெரிய உலக முடிவில் தரை அப்படியே அறுந்து 800 மீட்டருக்கு மேல் இறங்குகிறது. விளிம்பை விட்டுத் தள்ளியே நில்லுங்கள். 2015இல் படம் எடுக்கப் பின்னால் நகர்ந்த நெதர்லாந்துக்காரர் ஒருவர் விழுந்து, மரத்தில் சிக்கியதால்தான் பிழைத்தார். அம்மா காட்சியைப் பார்க்கவில்லை. கீழே தெரிந்த தேயிலையில் தோட்டத்து லய வீடுகளின் தகரக் கூரை எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்.

பெரும்பாலானவர்கள் இங்கே படம் எடுத்து முடித்ததும் வேனை நினைத்து ஓடத் தொடங்குவார்கள். நீங்கள் இங்கிருந்துதான் மெதுவாக நடக்க வேண்டும். இனி வரும் காட்டுத் துண்டுகளில் கீன மரங்களைப் பாருங்கள். வைரம் பாய்ந்த, முறுக்கிய அடிமரம். மேலே குடை பிடித்த மாதிரித் தட்டையான தலை. கிளையெல்லாம் கிழவன் தாடி போலப் பாசி. அம்மா ஒரு மரத்தைத் தொட்டுவிட்டுக் கையைப் பார்த்தார். "மழையே பெய்யல, எப்படிச் சொட்டுது?" பனிமூட்டம் இலையிலும் பாசியிலும் பட்டுத் துளியாகி மண்ணுக்கு இறங்குகிறது. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் இந்த மேட்டிலிருந்து தண்ணீர் போகிறது. இடையிடையே பட்டுப்போய் நிற்கும் மரங்களும் தெரியும், அது இங்கே பல வருஷமாக இருக்கும் நோவு. கீழே அடர்ந்திருக்கும் செடி நெலு, நம் குறிஞ்சிக்குச் சொந்தக்காரி. பல வருஷத்துக்கு ஒருமுறைதான் பூக்கும்.

பெலிஹுல் ஓயா ஆற்றின் சத்தம் கேட்டால் பேக்கர் நீர்வீழ்ச்சி கிட்ட வந்துவிட்டது. ஏறக்குறைய 20 மீட்டர் உயரம். 1848 முதல் சில வருஷம் நுவரெலியாவில் குடியிருந்த ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கரின் பெயர் அதற்கு. இறங்கும் வழிதான் முழுச் சுற்றிலும் கடினமானது, கைப்பிடித்து இறங்குங்கள். குளிக்க ஆசைப்படாதீர்கள். ஆற்றோரத்துக் குட்டை மூங்கில் பக்கமாக உட்கார்ந்து ரொட்டியைப் பிரியுங்கள். சத்தம் போடாமல் இருந்தால் மஞ்சள் காதுச் சின்னான் குருவி வரும்.

அதற்குப் பிறகு புல்வெளி நடைதான், வெயில் சுடும், தொப்பி போதும்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. அட்டைக்கென்று அம்மா இடுப்பில் சவர்க்காரத் துண்டு ஒன்று முடிந்துகொண்டு வந்தார். அன்றைக்கு ஒரு அட்டை கூடக் கடிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அதே துண்டால் என் வெள்ளைச் சப்பாத்தைத் தேய்த்தார். களிமண் நிறம் இன்னும் போகவில்லை.