மதில் போன மதுரையில் நடக்க வருகிறவர்களுக்கு

வாரிசு வேலை, பத்திர வேலை என்று ஏதாவது ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மதுரைக்கு வருகிறீர்களா? எந்த அலுவலகத்துக்கும் போவதற்கு முன்னால் ஊருக்குள் நடந்துவிடுங்கள். வேலையை முடித்துவிட்டு ஆற அமர நடக்கலாம் என்று தள்ளிப்போட்டால் நடை கிடைக்காது. வேலை முடியாது. முடிந்தாலும் மனசு நடக்கிற நிலையில் இருக்காது. மெல்பர்னிலிருந்து வந்துபோய்க்கொண்டிருக்கும் மதுரைக்காரி சொல்கிறேன்.

ஊரின் அமைப்பை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நடுவில் மீனாட்சியம்மன் கோயில். மதிலுக்குள் ஆடி வீதிகள். மதிலை ஒட்டி வெளியே சித்திரை வீதிகள். அடுத்த சுற்று ஆவணி மூல வீதிகள், அதற்கடுத்து மாசி வீதிகள், கடைசியில் வெளி வீதிகள். ஒவ்வொன்றிலும் கீழ, மேல, வடக்கு, தெற்கு என்று நான்கு உண்டு. ஆட்டோக்காரரிடம் "மாசி வீதி" என்று மட்டும் சொன்னால் அவர் எங்கே கொண்டுபோவார்? திசையைச் சேர்த்துச் சொல்லுங்கள். வழி தவறினால் கோபுரத்தைத் தேடுங்கள். நான்கு வெளிக்கோபுரங்களில் உயரமானது தெற்குக் கோபுரம், சுமார் 170 அடி. முன்பு எந்தச் சந்திலிருந்தும் தெரியும். இப்போது லாட்ஜ் மாடிகள் மறைக்கின்றன.

வெளி வீதிக்கு உட்புறமாகத்தான் கோட்டை மதில் இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் பழைய பாண்டியர் மதிலுக்கு வெளியே இரட்டை மதில் எழுப்பி, 72 கொத்தளங்கள் வைத்து, சுற்றிலும் அகழி வெட்டினார். 1840 வாக்கில் கலெக்டர் பிளாக்பர்ன் அதை இடிக்கச் செய்தார். உள்ளே நெரிசல், காற்றோட்டம் இல்லை, அகழித் தண்ணீர் நாறிக் கிடந்தது. சர்க்காரிடம் அவ்வளவு பணம் இல்லாததால், மதிலை இடித்து அகழியைத் தூர்த்துக் கொடுக்கிறவர்களுக்கு அந்த இடத்தையே கொடுப்பதாக அறிவித்தார்கள். அளந்து பிரித்த நில அளவையாளர் பெயரில் மாரட் வீதி, வேலையை நடத்திய மேஸ்திரி பெயரில் பெருமாள் மேஸ்திரி வீதி. நம் ஊரில் வேலை பார்த்தவன் பெயரை ஒரு வீதிக்கு வைத்தது அபூர்வம். அந்த வீதியில் நடக்கும்போது அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மேற்குப் பக்கத்திலிருந்து தொடங்குவதுதான் சரி. ரயில்வே ஜங்ஷன் மேலவெளி வீதியிலேயே இருக்கிறது. அங்கிருந்து தெற்கே பெரியார் பேருந்து நிலையப் பக்கம் வாருங்கள். இடிபடாமல் மிஞ்சிய கோட்டைத் துண்டு, மேலவாசல் கொத்தளம், அங்கே நிற்கிறது. அத்தனை பஸ் சத்தத்துக்கு நடுவில் அதை நிமிர்ந்து பார்க்கிறவர் குறைவு. பக்கத்திலேயே கூடலழகர் கோயில், கொஞ்சம் தள்ளி காஜிமார் பெரிய பள்ளிவாசல். பிறகு உள்ளே திரும்பி மேலமாசி வீதி. இம்மையில் நன்மை தருவார் கோயிலில் சிவனுக்குப் பின்பக்கம்தான் நமக்குத் தெரியும். மீனாட்சியை மணந்த இறைவன் பட்டம் ஏற்கும் முன் தானே லிங்கம் வைத்துப் பூசித்த இடம் என்பது ஐதீகம். அதே வீதியில் ஒரு மாடி வீடு, இப்போது கதர்க்கடை. 1921 செப்டம்பர் 22ஆம் தேதி காந்தி மேல்சட்டையைத் துறந்து அரைவேட்டிக்கு மாறியது அந்த வீட்டில்தான்.

எங்கள் வீடும் இந்த வட்டாரத்தில்தான், மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில். தாத்தா வாங்கியது. இந்தப் பயணத்தில் கெட்டது அங்கேதான் தொடங்கியது.

அப்பா போனபோது என்னால் கருமாதிக்குத்தான் வந்து சேர முடிந்தது. வீட்டுக் காகிதங்களை அப்போது யாரும் தொடவில்லை. பாட்டியைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது சித்தப்பா. பாட்டியும் போன பிறகு சித்தப்பாவிடமிருந்து ஃபோன் வந்தது. அப்பா பங்கை விட்டுக்கொடுக்கிறோம் என்று நானும் தங்கையும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். "நீ அங்கன நல்லாத்தான இருக்க தாயி. இந்தச் சந்து வீட்டை வச்சு என்ன பண்ணப் போற? வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ."

ஒரு கையெழுத்து என்பது ஒரு கையெழுத்து இல்லை. அதற்கு முன்னால் வாரிசுச் சான்று வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.), வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) விசாரணை முடிந்து தாசில்தார் தருவார் என்பது முறை. அப்பாவின் வாரிசுகள் என்றால் அம்மா, நான், தங்கை என்றுதான் நாம் நினைப்போம். இந்து வாரிசுச் சட்டப்படி, இறந்தவரைப் பெற்ற தாய் அப்போது உயிரோடு இருந்தால் அவரும் சம வாரிசு. அப்பா போனபோது பாட்டி இருந்தார். ஆகவே பாட்டியின் இறப்புச் சான்று, அவருடைய வாரிசுகள் விவரம் என்று வேலை இரண்டானது. உங்கள் வீட்டில் இப்படி இருந்தால் கிளம்பும் முன்பே அந்தச் சான்றுகளைத் திரட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது பெயர். பள்ளிச் சான்றிதழில் எனக்கு இனிஷியல். ஆஸ்திரேலியக் கடவுச்சீட்டில் அப்பா பெயர் முழுதாக, குடும்பப் பெயராக. "இவங்களும் அவங்களும் ஒரே ஆளுன்னு நாங்க எப்படிம்மா எழுதுறது?" என்று கேட்டார் அந்த மேசையில் இருந்தவர். மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் அதற்கு என்ன காகிதம் வேண்டும் என்பதை ஒரே நாளில் சொல்லவில்லை. நோட்டரி உறுதிமொழி என்றார். அதைக் கொண்டுபோனபோது வேறொருவர் இருந்தார், இது போதாது என்றார். நிலத்துக்கு நகர நில அளவை எண், வார்டு, பிளாக் கேட்டார்கள். எங்களிடம் இருந்த பழைய பத்திரத்தில் கதவு எண்ணும் நான்கெல்லையும்தான் இருந்தது. வீட்டு வரி ரசீதில் புதுக் கதவு எண், மின்கட்டண அட்டையில் பழைய எண். மத்தியானம் போனால் "ஐயா கேம்ப்". காலையில் போனால் "மத்தியானம் வாங்க". மாடிப்படியில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் என்னைவிட வயதானவர்கள், கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள். விமான டிக்கெட்டின் தேதியைச் சொல்லி அவசரப்படுத்த எனக்கு நா எழவில்லை.

அதற்குப் பிறகுதான் முக்கியமானது. "தெருவுல உங்க குடும்பத்தைத் தெரிஞ்சவங்க ரெண்டு பேர் வந்து வாக்குமூலம் குடுக்கணும்."

பிறந்து வளர்ந்த சந்தில் என்னைத் தெரிந்த இரண்டு பேர் இல்லை. பக்கத்து வீடு லாட்ஜ். எதிர்வீடு சரக்குக் கிடங்கு. கோலம் போட்ட வாசல்களில் பைக்குகள். குடியிருந்தவர்கள் அண்ணா நகர், கே.கே. நகர், கோச்சடை என்று வைகைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்விட்டார்கள். நானும்தான் போனேன், அவர்களைவிடத் தூரமாக. வாசலில் நின்று பெயர் சொல்லிக் கேட்கக் கேட்க, கிடங்குப் பையன்கள் எனக்கு வழி சொல்ல ஆரம்பித்தார்கள், நான் புதிதாக வந்த ஆள் என்று நினைத்து.

முக்கில் இஸ்திரி போடுகிற பெரியவர்தான் கடைசியில் தலையைத் தூக்கிப் பார்த்தார். "வாத்தியார் மூத்த மகதான நீ?" என்றார். இன்னொரு ஆளாக எதிர்வீட்டுப் பெரியம்மாவை அண்ணா நகரிலிருந்து ஆட்டோவில் அழைத்து வந்தேன். முழங்கால் வலியோடு அந்த மாடிப்படியை ஏறினார், ஏறிய அன்று அதிகாரி இல்லை என்பதால் மறுபடியும் ஏறினார். "உங்கப்பாவுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன்" என்றார். நான் வெளிநாட்டிலிருந்து அவருக்கு ஒரு ஃபோன் செய்ததில்லை.

அதனால்தான் முதல் இரண்டு நாளும் உங்கள் தெருவில் நடங்கள் என்கிறேன். டீக்கடையில் நில்லுங்கள். இஸ்திரி வண்டி, பூக்காரம்மா, மாவு மில், யாரிடமும் நீங்களே போய் இன்னார் பிள்ளை என்று சொல்லுங்கள். அவர்கள் உங்களை அடையாளம் காண நேரம் வேண்டும். ஊரில் உங்கள் பெயருக்கு அவர்கள்தான் சாட்சி.

பத்திர விஷயமாக இன்னும் இரண்டு செய்தி. சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றை இணையத்திலேயே எடுக்கலாம், ஊருக்கு வருமுன் எடுத்துப் பாருங்கள். வர முடியாதவர்கள் தங்களுக்குப் பதிலாக ஊரில் ஒருவர் கையெழுத்திட, இந்தியத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். விடுதலைப் பத்திரத்தை மட்டும், உறவு எவ்வளவு நெருக்கமானாலும், வந்த இடத்தில் அவசரத்தில் எழுதாதீர்கள். பதிந்துவிட்டால் மனசு மாறினாலும் ஒருதலையாகத் திருப்ப முடியாது. சித்தப்பாவிடம் நான் கேட்டது கொஞ்சம் காலம். அவருக்கு வருத்தம்தான். பாட்டிக்குக் கஞ்சி ஊட்டியவர் அவர், கணக்குக் கேட்டவள் நான். அந்த நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் தங்கை சம்மதமில்லாமல் நான் எதையும் எழுத முடியாது.

நடைக்குத் திரும்புகிறேன். தெற்கும் கிழக்கும் சாயங்காலத்துக்கு ஏற்றவை. தெற்காவணி மூல வீதி நகைக்கடைகளைக் கடந்து மாசி வீதிக்கு வந்தால் விளக்குத்தூண். பிளாக்பர்ன் நினைவாக ஊரார் நிறுத்திய தூண் அது. அருகில் பத்துத்தூண் சந்து. திருமலை நாயக்கர் மஹால் என்கிற அரண்மனையின் கல்தூண்கள் பத்து, துணிக்கடைகளுக்கு நடுவே தோளோடு தோள் உரச நிற்கின்றன. 1636இல் கட்டிய மஹாலில் இன்று நாம் பார்ப்பது முழு அரண்மனையின் ஒரு சிறு பங்குதான் என்பதை அந்தச் சந்து சொல்லும். சுற்றிலும் சௌராஷ்டிரர் வீடுகள், முடிச்சுப் போட்டுச் சாயமேற்றும் சுங்குடிச் சேலைக் கடைகள். சுங்குடி வாங்குவதென்றால் கையால் முடிச்சுப் போட்டதா, அச்சடித்ததா என்று கேட்டு வாங்குங்கள். கை முடிச்சில் புள்ளி ஒன்றுபோல் ஒன்று இருக்காது, விலையும் கூடுதல். பருத்திப்பால் வண்டி கண்ணில் பட்டால் விடாதீர்கள். சுக்கும் கருப்பட்டியும் மணக்கிற அந்தக் குவளைக்கு ஈடாக மெல்பர்னில் எதையும் நான் கண்டதில்லை.

கோயிலுக்கு விடியற்காலைதான். சித்திரை வீதிகளில் வண்டி விடுவதில்லை, கல் பாவிய தரை, வெயில் ஏறினால் வெறுங்காலில் நிற்க முடியாது. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபம் தீப்பிடித்ததற்குப் பிறகு கைபேசியை உள்ளே விடுவதில்லை, வாசலில் கொடுத்துச் சீட்டு வாங்குங்கள். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். அம்மன் சன்னதி வழியாக நுழைவதுதான் வழக்கம். கிழக்கே புதுமண்டபத்தில் முன்பு தையல்காரர்கள், பாத்திரக்கடைகள், பழைய புத்தகக்கடைகள் நிறைந்திருந்தன. அவர்களைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். தூண் சிற்பங்களைப் பார்க்க நல்லதுதான். எனக்குத் தாவணி தைத்த தையல்காரரை அங்கே தேடி, சத்திரத்திலும் தேடினேன். வடக்காவணி மூல வீதியில் சென்ட்ரல் மார்க்கெட் இருந்த இடம் இப்போது அடுக்குமாடி வாகன நிறுத்தம். காய்கறி வாங்க மாட்டுத்தாவணிக்குப் போக வேண்டும்.

வடக்கே சிம்மக்கல், யானைக்கல் என்று கல் சிங்கத்தையும் கல் யானையையும் வைத்துப் பேர் பெற்ற இடங்களைத் தாண்டினால் வைகை. போகிற வழியில், வடக்கு வெளி வீதியில், 1904இல் பாரதி தமிழ் ஆசிரியராக இருந்த சேதுபதி பள்ளி. பாலத்துக்குப் போகுமுன் பேச்சியம்மன் படித்துறைப் பக்கம் திரும்பிப் பாருங்கள். ஆற்றில் தண்ணீர் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

ஒரே ஒரு எச்சரிக்கை பாக்கி. சித்திரைத் திருவிழாவோடு சேர்த்து அலுவலக வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். தேர் மாசி வீதிகளில் ஓடும் நாளில் அந்தப் பக்கம் வண்டி போகாது. அழகர் ஆற்றில் இறங்கும் நாள் மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. லாட்ஜ்களில் இடம் இருக்காது, எங்கள் சந்து லாட்ஜ் உட்பட. அந்த வாரம் வருவதென்றால் நடக்க மட்டும் வாருங்கள். காகிதங்களை மெல்பர்னிலோ, டொராண்டோவிலோ, நீங்கள் இருக்கிற ஊரிலோ விட்டுவிட்டு வாருங்கள்.