பெண்டிகோவை ஒரு நாளில் பார்ப்பது எப்படி: முதன்முறை வருவோருக்கான வழிமுறை

மெல்பர்னிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் வடமேற்கே, கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் ஊர், 1851இல் தங்கம் கிடைத்ததால் எழுந்த ஊர். அதைப் பார்க்க ஒரு முழு நாள் போதும். ஆனால் எதை எந்த வரிசையில் பார்ப்பது என்பதை முன்பே முடிவு செய்துகொண்டு வர வேண்டும்.

1. நாளைத் தேர்ந்தெடுத்தல்
ஜனவரியில் வெயில் 40 பாகையைத் தாண்டுவதுண்டு. ஜூலைக் காலையில் புல்லெல்லாம் உறைபனி படிந்திருக்கும். என் பரிந்துரை ஏப்ரல் அல்லது அக்டோபர். ஈஸ்டர் திருவிழாவில் சீன டிராகன் ஊர்வலம் கண்கொள்ளாக் காட்சிதான் என்றாலும், அப்போது தங்குமிடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. பெண்டிகோ கலைக்கூடத்தையும் பார்க்க நினைத்தால், அதற்குத் திங்கட்கிழமை விடுமுறை.

2. ரயில்
மெல்பர்னின் சதர்ன் கிராஸ் நிலையத்தில், வெளியூர்களுக்கு ஓடும் வீலைன் ரயிலைப் பிடித்தால் சுமார் இரண்டு மணி நேரப் பயணம். நகர ரயிலுக்குப் பயன்படுத்தும் மைக்கி அட்டையே இதற்கும் செல்லும். 2023 மார்ச் 31 முதல் ஒரு நாள் கட்டண உச்சவரம்பும் நகரத்துக்கு உள்ளதேதான். தண்டவாளப் பணி நடக்கும் நாள்களில் ரயிலுக்குப் பதிலாகப் பேருந்து விடுவார்கள் என்பதால், முந்தைய இரவே அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். வீடுகள் தென்படத் தொடங்கியதும் கங்காரு பிளாட்டில் இறங்கிவிடாதீர்கள்; பெண்டிகோ அதற்கு அடுத்த நிலையம்.

3. சுரங்கமும் டிராமும்
சென்ட்ரல் டெபோரா சுரங்கத்தைக் காலையிலேயே முடிப்பது நல்லது. 1954இல் மூடப்பட்ட இந்தச் சுரங்கத்தில், தலைக்கவசமும் விளக்கும் அணிவித்து 61 மீட்டர் ஆழத்துக்கு அழைத்துச் செல்கிறார்கள். முன்பதிவு செய்யுங்கள், விரல்களை மூடிய காலணி கட்டாயம் என்பதால் செருப்போடு வர வேண்டாம். சுற்றுலா டிராம் சுரங்க வாசலிலேயே கிடைக்கும். வழியில் ரோசலிண்ட் பூங்காவில் இறங்கி, பழைய சுரங்கக் கோபுரத்தின் மீதேறினால் ஊர் முழுவதும் தெரியும். கீழே மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் கொத்துக்கொத்தாகத் தொங்கும். அந்தக் கிளைகளுக்கு நேர்கீழே நிற்காதிருப்பது புத்திசாலித்தனம்.

4. பெருந்தூபி
பலரும் தடுமாறும் இடம் இதுதான். திபெத்தின் கியான்ட்சே தூபியை முன்மாதிரியாகக் கொண்டு 50 மீட்டர் உயரத்துக்கு எழுப்பப்பட்ட இந்தப் பௌத்தத் தூபி, ஊருக்கு வெளியே மையர்ஸ் பிளாட்டில் இருக்கிறது. நடந்து போகும் தூரமில்லை. பேருந்தை நம்பியும் புறப்பட முடியாது. டாக்சியில் போகிறவர்கள், திரும்பி வர வேண்டிய நேரத்தைப் போகும்போதே ஓட்டுநரிடம் பேசி முடித்துவிட வேண்டும்; அங்கே போன பிறகு அழைத்தால் வண்டிக்காக நெடுநேரம் காத்திருக்க நேரிடும். உள்ளே, ஒரே பச்சை ஜேட் கல்லில் செதுக்கிய இரண்டரை மீட்டர் புத்தர் சிலைக்கு முன் அவசரமின்றி உட்கார ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். சொந்தக் காரில் வருவோர் இருட்டுவதற்குள் கிளம்பிவிடுங்கள். அந்திப் பொழுதில் கங்காருக்கள் திடீரெனச் சாலையில் குதிக்கும்.

பின்சேர்க்கை: இரவு ஒன்பது மணிக்கு மேல் உணவு கிடைக்காமல் அலைந்ததாக வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். இங்கே பல உணவகங்களில் அடுப்பைச் சீக்கிரமே அணைத்துவிடுவார்கள். ஏழு மணிக்கு மேசையில் அமர்ந்துவிடுங்கள். அன்றிரவே மெல்பர்ன் திரும்புவதானால், கடைசி ரயிலின் நேரத்தைப் பார்த்த பிறகு உணவுக்குச் சொல்லுங்கள்.