குளோன்மக்னாய்ஸ் மடம்: பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

அயர்லாந்தின் ஷானன் ஆற்றங்கரையில் இருக்கும் குளோன்மக்னாய்ஸுக்குப் போய்வந்த பலரும் ‘6-ஆம் நூற்றாண்டுக் கட்டடங்கள்’ என்று படம் போடுகிறார்கள். புனித கீரான் மடத்தை நிறுவியது அந்த நூற்றாண்டின் நடுவில்தான். ஆனால் அன்று எழுந்தவை மரக் கட்டடங்கள். அவற்றில் எதுவும் இன்று நிற்கவில்லை. பெரிய தேவாலயத்தைக் கட்டத் தொடங்கியதே 909-இல். அதன் வடக்கு வாசல் வேலைப்பாடு 15-ஆம் நூற்றாண்டுக்கு உரியது.

அழிவுக்கெல்லாம் வைக்கிங்குகளே காரணம் என்பது அடுத்த தவறு. அவர்கள் கொள்ளையடித்தது உண்மை. உள்ளூர் அரசர்களும் சளைத்தவர்கள் அல்லர். 8-ஆம் நூற்றாண்டில் டரோ என்ற இன்னொரு மடத்தாருக்கும் குளோன்மக்னாய்ஸ் மடத்தாருக்கும் போரே நடந்திருக்கிறது. துறவிகளாயிற்றே என்று யோசிக்க வேண்டாம், நிலமும் செல்வாக்கும் இருந்தால் சண்டையும் இருக்கும். மடம் மீளாமல் போனது 1552-இல், அருகிலுள்ள அத்லோன் நகரிலிருந்து வந்த ஆங்கிலப் படை மணி, புத்தகம், ஜன்னல் கண்ணாடி வரை அள்ளிச் சென்றபோது.

1124-இல் கட்டி முடித்த வட்டக் கோபுரத்தின் மொட்டைத் தலையைப் பார்த்து அதன் அமைப்பே அப்படி என்று நினைக்கிறார்கள். 1135-இல் இடி விழுந்து உச்சி போய்விட்டது. முழுக் கோபுரம் எப்படி இருக்கும் என்று அறிய, சற்றுத் தள்ளி ஃபின்கின் கோவில் என்ற சிறு தேவாலயத்தை ஒட்டிய சிறிய கோபுரத்தைப் பாருங்கள்; மீன்முள் போல் சாய்த்து அடுக்கிய கற்களோடு அதன் கூம்புக் கூரை இன்னும் இருக்கிறது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறு. வெளியே நிற்கும் உயரமான சிலுவைகளோடு படம் எடுத்துக்கொண்டு பலர் கிளம்பிவிடுகிறார்கள். அவை நகல்கள். மழையும் காற்றும் அரிக்காமலிருக்க அசல்களைப் பார்வையாளர் மையத்துக்குள் வைத்திருக்கிறார்கள். அவற்றில் சுமார் 4 மீட்டர் உயரமுள்ள ‘வேதாகமச் சிலுவை’யின் மேற்குப் பக்கத்தில், அடியில் குனிந்து பாருங்கள்: கிறிஸ்துவின் கல்லறையைக் காக்க வேண்டிய வீரர்கள் தூங்கி வழிகிறார்கள். அதே மையத்தில் பெயரும் சிலுவையும் செதுக்கிய பழைய கல்லறைப் பலகைகளும் உள்ளன. அவசரப்படாதீர்கள்.

சுற்றுச்சுவருக்குள்ளேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று திரும்பாமல், கிழக்கே கொஞ்சம் நடந்தால் கன்னியாஸ்திரிகள் தேவாலயம். 1167-இல் டெர்வோர்கிலா என்ற அரசி கட்டி முடித்தது. அதன் வளைவுகளில் உள்ள சிற்பங்களுக்காகவே போகலாம்.

உலோகங்காட்டும் கருவியை மட்டும் கொண்டுபோக வேண்டாம். அனுமதியின்றி அதைத் தொல்லிடங்களில் பயன்படுத்துவது அயர்லாந்தில் குற்றம்.