மழையா, மலையா: கணினிக்கு ஹெட்போன் வாங்கும்போது

செங்கோட்டையில் எங்கள் வீட்டின் பின்னறைக்குத் தகரக் கூரை. ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய்ப் பக்கமிருந்து காற்றும் சாரலும் இறங்கிவிட்டால் எதிரில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. அந்த அறையில் உட்கார்ந்துதான் முதியவர்களின் பேட்டிகளைக் கேட்டுத் தட்டச்சு செய்கிறேன். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த ஊர் இது. பேசுகிறவர் பாதி வாக்கியத்தில் மலையாளத்துக்குப் போய்த் திரும்பி வருவார். ஓர் எழுத்து மாறினாலும் அவர் சொன்னது வேறாகிவிடும்.

முதலில் வாங்கிய ஹெட்போனில் பாட்டு அதிர்ந்தது, பேச்சு மங்கியது. "மழையில் மாட்டிக்கொண்டோம்" என்று ஒரு பாட்டி சொன்னதை "மலையில்" என்று எழுதி, பிறகு முழுப் பேட்டியையும் மறுபடி கேட்டுத் திருத்தினேன். அடித்தொனியை (பேஸ்) தூக்கிக் கொடுக்கும் ஹெட்போன்களில் இப்படி நேரும். மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் ஒலிகள் பெரும்பாலும் 1000 முதல் 4000 ஹெர்ட்ஸுக்குள் (நொடிக்கு இத்தனை அதிர்வுகள்) இருக்கின்றன. கீழே இருக்கும் முழக்கம் அவற்றை மூடிவிடுகிறது. பெட்டியில் அச்சடித்திருக்கும் "20 - 20,000 ஹெர்ட்ஸ்" இதைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

ஆகவே கடைக்குப் போகும்போது உங்களுக்கு நன்றாகப் பழகிய ஒரு குரலைப் பதிவு செய்து எடுத்துச் செல்லுங்கள். என் செல்பேசியில் அம்மாவின் குரல் இருக்கிறது: "மழை பெய்தால் மலை தெரியாது, கிளி கொத்திய பழம் கீழே விழும்." ல, ள, ழ மூன்றும் தனித்தனியாகக் காதில் விழ வேண்டும். கடைக்காரர் போட்டுக் காட்டும் பாட்டு எல்லா ஹெட்போனிலும் நன்றாகத்தான் இருக்கும். அதை நம்பி முடிவு செய்யாதீர்கள்.

காதுக் கிண்ணத்தின் வெளிப்புறம் மூடிய வகை, திறந்த வகை என்று இரண்டு உண்டு. திறந்த வகையில் ஒலி இயல்பாக இருக்கும். ஆனால் வெளிச்சத்தம் உள்ளே வரும், உள்ளே ஓடுவது பக்கத்தில் தூங்கும் குழந்தைக்கும் கேட்கும். தகரக் கூரைக்கு மூடிய வகைதான். மின்னணு முறையில் இரைச்சலைக் குறைக்கும் வசதி, மின்விசிறி போல ஒரே சீராக வரும் இரைச்சலை நன்றாக அடக்கும். தகரத்தில் தெறிக்கும் துளிகளிடம் அதற்கு அவ்வளவு வலு இல்லை. அதற்குச் செலவழிப்பதைவிடக் காதை முழுவதும் சுற்றி மூடும் நல்ல மெத்தைக்குச் செலவழிக்கலாம்.

அந்த மெத்தையைக் கடையிலேயே கால் மணி நேரம் மாட்டிப் பாருங்கள். கண்ணாடி போடுபவர் கண்ணாடியோடு மாட்ட வேண்டும். அதன் காம்பு காதோரம் அழுத்தினால் மாலைக்குள் தலை வலிக்கும். எடை 250 கிராமுக்குள் இருந்தால் கழுத்து தாங்கும். செயற்கைத் தோல் வியர்வையில் உரிந்துவிடும். துணி மெத்தை கொஞ்சம் அதிகமாகச் சத்தத்தை உள்ளே விட்டாலும் எங்கள் ஈரக்காற்றுக்கு அதுதான் நீடிக்கிறது. மெத்தை தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இணைப்பில்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள். பழைய மேசைக் கணினியில் ஒலிக்குப் பச்சை, மைக்குக்கு இளஞ்சிவப்பு என்று இரண்டு துளைகள் இருக்கும். செல்பேசிக்கான, மைக் சேர்ந்த ஹெட்செட்டின் செருகுமுனையில் மூன்று கறுப்பு வளையங்கள் இருந்தால், இரண்டாகப் பிரியும் சிறு வயர் இல்லாமல் அந்தக் கணினியில் மைக் வேலை செய்யாது. கணினியின் முன்பக்கத் துளையில் "உம்ம்" என்ற இரைச்சல் வந்தால் யுஎஸ்பி ஹெட்செட் வாங்குங்கள். ஒலியை மாற்றும் சில்லு அதற்குள்ளேயே இருப்பதால் பெரும்பாலும் அந்த இரைச்சல் போய்விடும். புளூடூத் எனக்கு ஒத்துவரவில்லை. அதன் மைக்கைத் திறந்ததும் பல ஹெட்செட்களில் கேட்கும் ஒலியும் தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடுகிறது. ஹெட்போனின் மின்தடையைக் காட்டும் ஓம் அளவு 32 என்றால் நேரடியாக மாட்டலாம். 250, 300 என்றால் பெருக்கி (ஆம்ப்ளிஃபயர்) இல்லாமல் வீட்டுக் கணினியில் மெலிந்து கேட்கும்.

வயது வந்தவர்கள் 80 டெசிபெல் ஒலியை வாரம் 40 மணி நேரம்வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நான் வாரம் 48 மணி நேரம் கேட்கிறேன். அதனால் ஒலி அளவைப் பாதிக்குக் கீழேயே வைத்திருக்கிறேன். சாரல் வலுத்துக் குரல் அமுங்கினால் ஒலியைக் கூட்டுவதில்லை. ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கூரை ஓய்ந்த பிறகு அதே வரியிலிருந்து தொடர்கிறேன்.