விளையாட்டு ரீச்சர் இல்லாத பள்ளிக்கூடத்தில் உடற்கல்விப் பாடவேளை நடத்துவது எப்படி

தரம் 6 முதல் 9 வரை சுகாதாரமும் உடற்கல்வியும் கட்டாய பாடம். அதனால் நேரசூசியில் அதை யாரும் அழிப்பதில்லை. வன்னியின் உட்கிராமங்களில் பாடம் வேறு வழியாகப் போகிறது. விளையாட்டு ரீச்சர் இடம்மாறிப் போவார், பதிலாள் வரமாட்டார், பாடம் ஒரு வகுப்பாசிரியரின் தலையில் விழும். பாடநூலும் வினாத்தாளும் உள்ள பாடம்தானே? அவர் சுகாதாரப் பகுதியை வகுப்பறையிலேயே வாசிப்பித்து முடித்துவிடுவார். புள்ளி வந்துவிடும். பிள்ளை ஓடியிருக்காது.

ஆகவே முதல் வேலை எண்ணுவது. நாற்பது பக்கக் கொப்பி ஒன்று போதும். திகதி, வகுப்பு, வெளியே வந்தார்களா, வராவிட்டால் ஏன் என்று ஒரு வரி. "கணிதத்துக்குக் கொடுத்தது", "மழை", "ஆசிரியர் லீவு" என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். வகுப்புத் தலைவரே எழுதலாம். தவணை முடிவில் கூட்டிப் பார்த்தால் எந்தப் பாடவேளை எதற்குப் போனதென்று தெரியும்.

அடுத்தது நேரம். கடைசிப் பாடவேளையில் போட்டால் வியர்வையோடு வகுப்பில் இருக்கத் தேவையில்லை என்பார்கள். பன்னிரண்டரை மணி வெயிலில் கிறவல் நிலத்தில் நிற்பது யார்? இரண்டாம் பாடவேளைதான் நல்லது. வெள்ளைச் சட்டையில் செம்மண் படியுமென்று பெண்பிள்ளைகள் மரத்தடியில் ஒதுங்குவது நேரத்தால் தீராது, உடுப்பால்தான் தீரும். அன்றைக்கு வீட்டிலிருந்தே விளையாட்டு இல்லத்தின் ரீசேட்டும் நீளக் காற்சட்டையும் போட்டுவர அதிபரிடம் அனுமதி வாங்குங்கள். இதைச் செய்யாமல் "பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை" என்று சொல்வது நியாயமில்லை.

40 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம்: வெளியே வந்து இடாப்புக் கூப்பிட 5, உடல் சூடேற்ற 6, விளையாட்டு 22, தணிக்க 4, தண்ணீர் குடித்துத் திரும்ப 3. இடையில் யாராவது கேட்டாலும் தண்ணீர் கொடுக்கவேண்டும். ஆளுக்கு 250 மில்லிலீற்றர் என்றால் 34 பேர் உள்ள வகுப்புக்கு எட்டரை லீற்றர், ஆகவே 10 லீற்றர் கான் ஒன்று மைதானத்திலேயே இருக்கட்டும். தலைசுற்றி உளறத் தொடங்கும் பிள்ளையை நிழலில் கிடத்தி, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்து, உடனே 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

மைதானத்தில் பெரிய எதிரி நெருஞ்சி. மாரி மழைக்கு முளைத்துப் படரும். மஞ்சள் பூப் பூத்து நிற்கும்போதே வேரோடு பிடுங்கிவிடவேண்டும். காய் முற்றிக் காய்ந்தபின் கூட்டினால் முள் உடைந்து மண்ணுக்குள் போய்விடும். பிறகு வெறுங்காலும் பந்தும் ஒன்றாகப் பழுதாகும். இடம் போதாதென்று வேலிக்கு அப்பால் பற்றை வெட்டப் போகாதீர்கள். அந்தக் காணியில் கண்ணிவெடி அகற்றி முடிந்ததா என்று கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்தியபின்தான் மண்வெட்டி எடுக்கவேண்டும். துருப்பிடித்த எதைக் கண்டாலும் தொடாமல், இடத்தை அடையாளம் வைத்துப் பொலிசுக்கு அறிவியுங்கள்.

90க்கு 50 மீற்றர் நிலம் கிடைத்தால் நான்கு நிரல் கொண்ட 200 மீற்றர் ஓடுபாதை போடலாம். நடுவில் 40 மீற்றர் நீளமும் 37.8 மீற்றர் அகலமுமாக ஒரு நீள்சதுரம். மூலைகளை 3, 4, 5 மீற்றர் முக்கோணத்தால் செங்கோணமாக்குங்கள். மூலைவிட்டம் இரண்டும் 55.03 மீற்றர் வந்தால் சரி. அகலப் பக்கம் ஒவ்வொன்றின் நடுவிலும் முளை அடித்து, அங்கிருந்து 18.9 மீற்றர் ஆரையில் அரைவட்டம் இழுங்கள். ஓடுகிறவர் கோட்டிலிருந்து 20 சென்ரிமீற்றர் வெளியே ஓடுவதாகக் கணக்கு. அப்படி வளைவு ஒவ்வொன்றும் 60, நேர்ப்பகுதி ஒவ்வொன்றும் 40, மொத்தம் 200.

பிழை வருவது கயிற்றில். நைலோன் கயிறு இழுவையில் 30 சென்ரிமீற்றர் நீண்டால் சுற்று கிட்டத்தட்ட 1.9 மீற்றர் கூடிவிடும். கட்டுக்கம்பியால் இழுங்கள். நிரல் அகலம் 1.22 மீற்றர். முழுச் சுற்று ஓட்டத்துக்கு இரண்டாம் நிரலின் தொடக்கம் 7.67 மீற்றரும், மூன்றாவது 15.33 மீற்றரும், நான்காவது 23 மீற்றரும் முன்னே. நூல்களில் இரண்டாம் நிரலுக்கு 7.04 என்று போட்டிருக்கும். அது உள்விளிம்பில் உயர்ந்த கட்டு உள்ள பாதைக்கான கணக்கு. கோடு மட்டும் கீறிய பாதையில் அதைப் போட்டால் இரண்டாம் நிரல் பிள்ளை 63 சென்ரிமீற்றர் கூட ஓடவேண்டிவரும். நேர் ஓட்டத்தை 60 மீற்றரோடு நிறுத்துங்கள், ஓடிவந்து நிற்க 15 மீற்றராவது வேண்டும். மூலை முளைகளை இரும்பில் செய்து நிலமட்டத்துக்குக் கீழே இறக்கிவிட்டால் அடுத்த தை மாதம் அளவெடுக்கும் வேலை பாதியாகும்.

சுண்ணாம்பு கண்ணில் பட்டால் எரிக்கும், அதைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். அன்றாடக் கோட்டுக்கு மண்வெட்டி மூலையால் கீறி அரிசி ஆலை உமிச்சாம்பல் தூவினால் செம்மண்ணில் நன்றாகத் தெரியும். கயிறு கட்டி விடுவதும் செங்கல் அடுக்குவதும் கால் தடுக்கத்தான்.

22 நிமிடத்துக்குள் 34 பேரையும் ஓடவைக்க, ஓரணி கோடுகளில் நின்று மறிக்க மற்ற அணி தொடுபடாமல் தாண்டும் கிளித்தட்டை விஞ்ச ஒன்றுமில்லை. ஒரு பந்தைக் கொடுத்தால் பத்துப் பேர் விளையாட மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அணிக்கு ஆறு பேர் என்றால் 6 மீற்றர் அகலம், 15 மீற்றர் நீளம், 3 மீற்றருக்கு ஒரு குறுக்குக்கோடு, நடுவில் ஒரு நெடுங்கோடு: பத்துத் தட்டு. முதற்கோட்டில் கிளி (நெடுங்கோட்டிலும் ஓடி மறிப்பவர்), மற்ற ஐந்து கோட்டிலும் ஒவ்வொருவர். அப்படி மூன்று ஆட்டம் கீறினால் வகுப்பு முழுவதும் அடங்கும். ஓரணியில் ஆள் குறைந்தால் ஒரு கோட்டை அழித்துவிடுங்கள். தட்டு 2 மீற்றராகச் சுருங்கினால் மறிப்பவர் கை எட்டி யாரும் தாண்டமாட்டார்கள், 4 மீற்றரானால் யாரும் அகப்படமாட்டார்கள். விதி ஊருக்கு ஊர் மாறும். கிளி வெளிக்கோட்டிலும் ஓடலாமா, எல்லாத் தட்டையும் கடந்தவர் "உப்பு" என்று எங்கே சொல்வது என்பதைத் தொடங்குமுன் பேசி முடியுங்கள். இல்லாவிட்டால் பத்து நிமிடம் சண்டையில் போகும்.

சாமான்களில் பாதி வாங்கத் தேவையில்லை. மணல் நிரப்பிய சோடாப் போத்தல் எல்லை அடையாளமாகும். 40 மில்லிமீற்றர் பிவிசி குழாயை 29 சென்ரிமீற்றராக வெட்டி விளிம்பை அரத்தால் தேய்த்தால் அஞ்சல் கோல். ஒரு மீற்றர் துண்டில் மூன்று வரும். காசு கொடுத்து வாங்கவேண்டியது பந்துதான். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு 4ஆம் இலக்க உதைபந்து எடுங்கள், 5ஆம் இலக்கம் அவர்களின் காலுக்குப் பாரம். வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்கள் என்ன வேண்டுமென்று கேட்டால் கிண்ணங்களைச் சொல்லாமல் பந்தையும் காற்றடிக்கும் பம்பையும் சொல்லுங்கள்.

ஆசிரியர் கேட்டு எழுதுவது அதிபரின் வேலை. நிரந்தர நியமனம் மட்டும் கேட்டால் ஆளணி வரும்வரை என்று காத்திருக்க வேண்டிவரும். பக்கத்துப் பள்ளிக்கூடத்து உடற்கல்வி ஆசிரியரை வாரத்தில் இரண்டு நாள் இணைப்பில் தரும்படியும் அதே கடிதத்தில் கேளுங்கள். வகுப்பு வாரியாக மாணவர் தொகை, நேரசூசிப் பிரதி, கொப்பியிலிருந்து எடுத்த தவணைக் கணக்கு மூன்றையும் இணைத்து வலயக் கல்விப் பணிமனையில் நேரே கொடுங்கள். உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். பிறகு விசாரிக்கப் போனால் முதலில் கேட்பது அதைத்தான்.