விசிலுக்கு முன் ஒரு கேள்வி: பந்து இப்போது யார் கட்டுப்பாட்டில்?

புதிதாக விசில் எடுக்கும் கூடைப்பந்து நடுவர்கள் ஃபவுலைவிட வயலேஷனில்தான் (உடல் மோதல் இல்லாத விதிமீறல்) அதிகம் தடுமாறுகிறார்கள். மூன்று நொடி, எட்டு நொடி என்று விதியெல்லாம் மனப்பாடமாக இருக்கும். பந்து அந்த நேரத்தில் யார் கட்டுப்பாட்டில் இருந்தது என்று கேட்டால் பதில் வராது. பாதித் தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படி, ஓர் ஆட்டக்காரர் ஆட்டத்தில் உள்ள பந்தைப் பிடித்திருந்தாலோ டிரிபிள் செய்தாலோ (தரையில் தட்டிக்கொண்டு போனாலோ) அது அவர் அணியின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. சக ஆட்டக்காரருக்குப் பாஸ் போகும்போதும் அது தொடரும். எதிரணி கைப்பற்றினாலோ, பந்து டெட் ஆனாலோ (ஆட்டம் நின்றாலோ), ஷாட்டில் பந்து கையை விட்டுப் போனாலோ முடிந்துவிடும். கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வளையத்தடியில் நடப்பதைப் பாருங்கள். ஷாட் போகிறது, பந்து வளையத்தில் பட்டு எகிறுகிறது, நான்கைந்து கைகள் அதைத் தட்டிக்கொண்டே இருக்கின்றன. தாக்கும் அணியின் உயரமான ஆட்டக்காரர் பெயிண்ட்டுக்குள்ளேயே (வளையத்தடியில், தாக்குபவர் மூன்று நொடிக்கு மேல் நிற்கக் கூடாத பகுதி) நிற்கிறார். ‘மூணு செகண்ட்!’ என்று வெளியிலிருந்து சத்தம் வரும். ஊதக் கூடாது. பந்து எந்த அணியிடமும் இல்லை, எனவே எண்ணுவதற்கே இடமில்லை. அவருடைய அணியில் யாராவது பந்தைப் பிடித்த பிறகு புதிதாக எண்ண ஆரம்பிக்க வேண்டும். அதே தள்ளுமுள்ளில் பந்து தட்டப்பட்டு நடுக்கோட்டைத் தாண்டி ஓட, ஷாட் போட்ட அணியே பின்பாதியில் (தான் காக்கும் பாதியில்) எடுத்தாலும் தவறில்லை. தட்டுவது வேறு, கட்டுப்பாட்டில் எடுப்பது வேறு.

பின்பாதி வயலேஷன் கொடுக்க மூன்று விஷயங்கள் சேர வேண்டும்: முன்பாதியில் அணியின் கட்டுப்பாடு, அங்கே கடைசியாகத் தொட்டது அதே அணி, பின்பாதியில் முதலில் தொட்டதும் அதே அணி. தடுப்பவர் கை பட்டுப் பந்து பின்னால் போயிருந்தால் ஆட்டம் தொடரட்டும். ஆனால் அந்தக் கை பட்டதற்காக 24 நொடிக் கடிகாரத்தை (ஷாட் போட அணிக்குள்ள நேரம்) திருப்பி வைக்கக் கூடாது. எதிரணி தொட்டது மட்டும்தான், கைப்பற்றவில்லை.

ட்ராவலிங்கிலும் (பந்தைப் பிடித்தபடி விதிக்கு மேல் அடி வைப்பது) இதே கதைதான். பந்து கைநழுவி, அதைத் துரத்தி ஓடும்போது எத்தனை அடி வைத்தாலும் ட்ராவலிங் இல்லை. ஓடிக்கொண்டே பந்தைப் பிடிப்பவருக்கு, பிடிக்கும் நொடியில் தரையில் இருக்கும் கால் கணக்கில் வராது. 2017 முதல் இதுதான் நடைமுறை. நின்ற இடத்திலிருந்து டிரிபிள் தொடங்குபவருக்கு இந்தச் சலுகை கிடையாது. பந்து கையை விடும் முன் பிவட் கால் (ஊன்றி நிற்கும் கால்) எழுந்தால் ட்ராவலிங். பந்தோடு கீழே விழுந்து சறுக்கினால் பரவாயில்லை, உருண்டாலோ எழ முயன்றாலோ ஊதிவிடலாம். பந்து உயரமாக எழும்பியது என்பதற்காக மட்டும் டிரிபிளைத் தப்பென்று சொல்லாதீர்கள். கை பந்துக்கு அடியில் போய் அதைத் தாங்கி நிறுத்தியதா என்று பாருங்கள்.

காலில் பட்டதெல்லாம் வயலேஷன் இல்லை, வேண்டுமென்றே உதைத்தாலோ காலால் தடுத்தாலோதான்.

அப்புறம் 24 நொடி பஸ்ஸர். ஷாட் காற்றில் இருக்கும்போது அது ஒலித்தால் உடனே ஊதிவிடுவார்கள். பொறுங்கள். பந்து கூடைக்குள் விழுந்தால் புள்ளி உண்டு, வளையத்தில் பட்டால் ஆட்டம் தொடரும். வளையத்தைத் தொடாமல் போனாலும், எதிரணி உடனே தெளிவாகப் பிடித்துவிட்டால் தொடரலாம். பிடிக்காவிட்டால்தான் வயலேஷன்.