பழைய காரில் எதை வீட்டில் பார்ப்பது, எதைப் பட்டறைக்கு விடுவது

பொள்ளாச்சி, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர் என்று தமிழ்நாடு-கேரள எல்லைக்கோட்டின் இரு புறமும் தமிழ் பேசும் இந்த வட்டாரத்தில், 2014இல் உற்பத்தி நின்றுபோன மாருதி 800 முதல் அதே வயதுள்ள சான்ட்ரோ, இண்டிகா வரை பல பழைய கார்கள் இன்றும் தோட்டத்துக்கும் சந்தைக்கும் மலைக்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இவற்றை வைத்திருப்பவர்களுக்கு ஒவ்வொரு கோளாறின்போதும் நாமே பார்த்துவிடலாமா, மெக்கானிக்கிடம் விடலாமா என்ற கேள்வி எழும். மிச்சமாகும் பணத்தையும் தன் கைத்திறனையும் கணக்கிட்டே பலர் இதற்கு விடை காண்கிறார்கள். என் கருத்தில், அந்த வேலை தவறிப்போனால் என்ன ஆகும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். பேட்டரி கிளாம்பைச் சரியாக முடுக்காவிட்டால் வண்டி கிளம்பாது. பிரேக் குழாயின் நட்டைச் சரியாக முடுக்காவிட்டால் வண்டி நிற்காது. முன்னதைப் போன்ற வேலைகளை வீட்டில் தாராளமாகச் செய்யலாம். பின்னதைப் போன்றவற்றை, செய்யத் தெரிந்தவர்கள்கூடப் பட்டறைக்கு விடுவதே முறை.

வீட்டு வேலைகளில் முதலாவது பேட்டரி. டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளை அல்லது பச்சைப் பொடியைச் சமையல் சோடா கலந்த வெந்நீர் ஊற்றிப் பழைய பல் துலக்கியால் தேய்த்து, உலர்ந்தபின் வாசலின் தடவ வேண்டும். கழற்றும்போது மைனஸ் கம்பியை முதலிலும், மாட்டும்போது அதைக் கடைசியிலும் கையாள வேண்டும். மலிவான மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் வீண் செலவு பெரிதும் குறையும். இன்ஜினை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து 12.6 வோல்ட் அளவில் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது என்று பொருள். இன்ஜின் ஓடும்போது அது ஏறக்குறைய 13.8 முதல் 14.4 வரை உயர வேண்டும். ஓடும்போதும் உயரவில்லை என்றால் குறை, பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரிலோ ஃபேன் பெல்ட்டிலோ இருக்கலாம் என்பதால், புதிய பேட்டரி வாங்கிப் போட்டாலும் அதுவும் சில நாளில் இறங்கிவிடும்.

அடுத்தது ஏர் ஃபில்டர். பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று வலுத்து வீசும் மாதங்களில் மண் சாலையில் ஓடும் வண்டிக்கு, கையேட்டில் சொன்ன கிலோமீட்டர் வரை காத்திருப்பது சரியாகாது. காகித ஃபில்டரை உள்ளிருந்து வெளிப்பக்கமாக மெதுவாக ஊதித் தட்டலாம்; தண்ணீரில் கழுவக் கூடாது. ஸ்பார்க் பிளக், வைப்பர் பிளேடு, பல்பு, ஃபியூஸ் ஆகியவற்றையும் கையேட்டைப் பார்த்தே மாற்றிவிடலாம்.

இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் சற்று எச்சரிக்கை தேவைப்படும் இடம். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும் என்பதால், ஆறிய பிறகே திறக்க வேண்டும். நம் பக்கத்து ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் உப்பு அதிகம். அதை ஊற்றினால் உள்ளே படிவு சேரும். கூலன்ட்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் சரிபாதி கலந்து ஊற்றுவது பொதுவான வழக்கம். ஆனால் வாரந்தோறும் அளவு குறைந்துகொண்டே வந்தால், ஊற்றிக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டுப் பட்டறைக்குப் போக வேண்டும். அதோடு ஆயில் மூடியின் அடியில் பால் போன்ற நுரை படிவதோ, சூடான பிறகும் புகைக்குழாயில் வெண்புகை நிற்காமல் வருவதோ சேர்ந்தால், இன்ஜினின் தலைப்பகுதிக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். அந்த நிலையில் வண்டியை ஓட்டினால் செலவு பல மடங்காகும்.

பிரேக்கைப் பொறுத்தவரை பார்ப்பது மட்டுமே உரிமையாளரின் வேலை. பிரேக் ஆயில் இரண்டு கோடுகளுக்கு இடையில் இருக்கிறதா என்று மாதம் ஒரு முறை பார்க்க வேண்டும். பேட் தேயத் தேய அளவு மெல்லக் குறைவது இயல்பு, திடீரென்று குறைவது கசிவு. இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 என்ற தர வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 வரை இறங்கலாம். டாட் 4 வகைக்கு இதே எல்லைகள் 230, 155. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறைக்குப் போய்விட்டு இறங்குபவர், கியரைக் குறைக்காமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால், பழைய எண்ணெய் கொதித்து ஆவியாகி மிதிபலகை தளர்ந்து உள்ளே போய்விடும். ஆகவே 2 ஆண்டுக்கு ஒரு முறை இதைப் பட்டறையில் முழுமையாக மாற்றச் சொல்ல வேண்டும்.

ஸ்டியரிங், சஸ்பென்ஷன், ஏசி கேஸ், ஏர்பேக் ஆகியவை குறித்து விவாதமே வேண்டாம், அவை பட்டறைக்கே உரியவை. இன்ஜினின் வால்வுகளை நேரப்படி இயக்கும் டைமிங் பெல்ட்டும் அவ்வாறே. வாங்கிய பழைய வண்டியில் அது எப்போது மாற்றப்பட்டது என்ற சீட்டு இல்லையென்றால் மாற்றிவிடுவது நல்லது, ஏனெனில் அறுவதற்கு முன் அது பெரும்பாலும் சத்தம் கொடுப்பதில்லை. வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டுமே; அதை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது.

மெக்கானிக்கிடம் போகும்போது, பிளக்கை மாற்றுங்கள், கிளட்ச் பிளேட்டை மாற்றுங்கள் என்று தீர்ப்போடு போகாமல், காலையில் கிளம்பும்போதா, சூடான பிறகா, எந்த வேகத்தில், எந்தப் பக்கத்திலிருந்து சத்தம் என்று குறித்துக்கொண்டு போக வேண்டும். கார்புரேட்டர் வண்டிக்கு ஊரிலுள்ள அனுபவசாலியே போதும். எரிபொருள் இன்ஜெக்‌ஷன் உள்ள வண்டியில் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், பிழைக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருப்பவரைத் தேட வேண்டும். கழற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லி முன்கூட்டியே கேட்டுவிட்டால் யாருக்கும் மனக்கசப்பு வராது. கோவை உக்கடத்துப் பழைய உதிரிபாகக் கடைகளில் கண்ணாடி, கதவு, கைப்பிடி போன்றவற்றைத் துணிந்து வாங்கலாம். பிரேக், ஸ்டியரிங், ரப்பர் பாகங்களைப் பழையதாக வாங்கவே கூடாது. ஸ்பேருக்காகக் கோவை வரை போகலாம், பட்டறை மட்டும் பக்கத்தில் இருக்கட்டும்; முடுக்கிய பாகத்தை மறுநாள் ஒரு முறை சரிபார்க்கத் திரும்பிப் போக வேண்டியிருக்கும்.

15 ஆண்டு முடிந்த காருக்குத் தகுதிச் சோதனை செய்து பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதன்பின் 5 ஆண்டுக்கு ஒரு முறை அதே நடைமுறை. அந்தத் தேதிக்கு 2 மாதம் முன்பே வண்டியை லிஃப்டில் ஏற்றி அடித்தட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். கதவின் விளிம்பில் இருக்கும் துருவை டிங்கரிங் செய்து சமாளிக்கலாம். சஸ்பென்ஷன் பொருந்தும் சட்டத்தில் துரு தின்றிருந்தால், டயர், பேட்டரி, பெயின்ட் என்று எதற்கும் பணம் போடுவதற்கு முன், வெல்டிங் செலவை எழுத்தில் வாங்கி, வண்டி இன்று விலை போகும் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.